கம்மந்தான் முஹம்மது யூசுப் கான் சாஹிபு

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய், போடிநாயக்கனூர்ச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மதுரைக்குப் போகிறது. நம்மவர்களில் எத்தனையோ பேர் வியாபார நிமித்தமாகவும், வைத்தியத்திற்காகவும், பிள்ளைகளின் படிப்பிற்காகவும் அந்தச் சாலையில் போய் வருகிறார்கள். மதுரை நகருக்குள் நுழையும் முன், காளவாசலை ஒட்டிய சம்மட்டிபுரத்தில் ஒரு சிறிய சதுரமான பள்ளிவாசல் இருக்கிறது. கான் சாஹிபு பள்ளிவாசல் என்று அதற்குப் பெயர். 1808-ஆம் ஆண்டில் ஷேக் இமாம் என்பவர் அதைக் கட்டினார். அதனுள்ளே ஒரு கபுறு இருக்கிறது. அந்தக் கபுறில் அடங்கியிருப்பது ஒரு முழு மைய்யித்து அல்ல என்பதை அவ்வழியே போகிறவர்களில் பலர் அறிய மாட்டார்கள்.

தேனிக்கு வடக்கேயுள்ள பெரியகுளத்திலும் அதே மனிதருடைய உடலின் ஒரு பாகம் அடக்கப்பட்டதாகப் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். தலை திருச்சிக்கும், மற்ற அங்கங்கள் பாளையங்கோட்டை, தஞ்சை போன்ற இடங்களுக்கும் அனுப்பப்பட்டன என்றும் சொல்வார்கள். ஒரு முஸ்லிமின் உடலை இப்படிக் கூறுபோட்டு ஊர் ஊராக அனுப்பும்படி அவர் செய்த குற்றம் என்ன? அதை விசாரித்தவர் யார்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால், சரித்திரத்தோடு கூட, நம் வீடுகளிலும் ஜமாஅத்துகளிலும் நாம் பேண வேண்டிய ஒரு பெரிய ஒழுக்கமும் நமக்குப் புலப்படும்.

கி.பி. 1725-ஆம் ஆண்டை ஒட்டி, இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில், ஒரு வேளாளக் குடும்பத்தில் அவர் பிறந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மருதநாயகம் என்பது பெற்றோர் இட்ட பெயர் என்பார்கள். இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறிய அவர், இஸ்லாத்தைத் தழுவி முஹம்மது யூசுப் கான் ஆனார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடத்தில் வேலை பார்த்தார். பின்னர் தஞ்சையிலும் நெல்லூரிலும் படையில் இருந்தார். குடிப்பெருமையோ, பரம்பரைச் சொத்தோ, சிபாரிசோ அவருக்கு இருந்ததில்லை. தம் கை வாளையும் தம் புத்தியையும் கொண்டே அவர் மேலே வந்தார்.

அக்காலத்தில் கர்நாடக நவாபு பதவிக்காக இரண்டு கட்சிகள் போரிட்டுக்கொண்டிருந்தன. சந்தா சாஹிபுக்குப் பிரெஞ்சுக்காரர்களும், முஹம்மது அலி வாலாஜாவுக்கு ஆங்கிலக் கும்பெனியாரும் துணை நின்றார்கள். யூசுப் கான் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். 1752 முதல் 1754 வரை திருச்சியைச் சுற்றி நடந்த நீண்ட போரில், தளபதி லாரன்ஸின் கீழ் அவர் காட்டிய திறமை அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு போனது. எதிரியின் நடமாட்டத்தை வேவு பார்ப்பதிலும், தானிய வண்டிகளைப் பத்திரமாக முகாமுக்குக் கொண்டு வந்து சேர்ப்பதிலும் அவருக்கு நிகரில்லை. 1754-இல் கும்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் அவர் தலைவராக்கப்பட்டார். கம்மந்தான் என்று மக்கள் அவரை அழைத்தது அந்தப் பதவியினால்தான். கும்பெனியார் அவருக்குத் தங்கப் பதக்கமும் அளித்தார்கள்.

அந்தத் திருச்சிப் போரின்போது நடந்த ஒரு சம்பவத்தை வாசகர்கள் நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். யூசுப் கானுடைய உயர்வைக் கண்டு பொறாமை கொண்ட பொன்னியப்பன் என்ற துபாஷி, அவர் மைசூராருடன் இரகசியமாகக் கூடிச் சதி செய்கிறார் என்று காட்டும்படி ஒரு பொய்க் கடிதத்தைத் தயாரித்து, அது அதிகாரிகளின் கையில் சிக்கும்படி செய்தான். யூசுப் கான் காவலில் வைக்கப்பட்டார். ஆனால் கடிதத்தைக் கண்டவுடன் அவரைத் தண்டித்துவிடவில்லை. விசாரணை நடந்தது. கடிதம் எங்கிருந்து வந்தது, யார் எழுதச் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கடைசியில் சூழ்ச்சி வெளிப்பட்டது. யூசுப் கான் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். சதிகாரன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டான். அந்த விசாரணை மட்டும் நடக்காமல் போயிருந்தால், யூசுப் கானின் வாழ்வு அன்றைக்கே, ஒரு துரோகியின் பெயரோடு முடிந்து போயிருக்கும்.

1755-இல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் சென்ற கும்பெனிப் படையில் அவரும் இருந்தார். மறு ஆண்டில் அவரே தனிப் பொறுப்புடன் தெற்கே அனுப்பப்பட்டார். திறை கட்ட மறுத்த பாளையக்காரர்களை அடக்குவது அவருக்கு இடப்பட்ட வேலை. பூலித்தேவர் அவர்களில் தலையானவர். பல ஆண்டுகள் நடந்த போருக்குப் பின், 1761-இல் நெற்கட்டும்செவல் முதலான பூலித்தேவரின் கோட்டைகள் யூசுப் கானிடம் வீழ்ந்தன. இதற்கிடையில் 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, யூசுப் கான் தெற்கிலிருந்து விரைந்து சென்று, முற்றுகையிட்டவர்களை வெளியிலிருந்து ஓயாமல் தாக்கித் தொல்லைப்படுத்தினார். 1760-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியிலிருந்து ஆழ்வார்திருநகரி வரை புகுந்தபோது அவர்களையும் துரத்தியடித்தார்.

நம் மலையடிவாரத்துச் சீமைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு இந்தக் காலத்தியது. போடிநாயக்கனூர் முதலிய பாளையங்கள் அப்போது திண்டுக்கல் சீமையைச் சார்ந்திருந்தன. திண்டுக்கல்லை மைசூராரின் சார்பில் ஹைதர் அலி ஆண்டு வந்தார். ஆகவே யூசுப் கானின் அதிகாரம் மேற்கே இந்த எல்லையோடு நின்றது. 1760-இல் மைசூர்ப் படைக்கும் அவருடைய படைக்கும் வத்தலக்குண்டில் சண்டை மூண்டது. இந்தப் பள்ளத்தாக்கின் வாசலில் நின்று காவல் காத்தவர் அவர் என்றால் மிகையாகாது.

மதுரை, திருநெல்வேலி ஆகிய இரு சீமைகளையும் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் குத்தகைக்கு 1759-இல் அவரிடம் கும்பெனியார் ஒப்படைத்தார்கள். போரினால் சீரழிந்து கிடந்த நாட்டில் அவர் ஒழுங்கை நிலைநாட்டினார். வழிப்பறி நின்றது. ஏரி, குளங்கள் செப்பனிடப்பட்டன. நெசவும் வியாபாரமும் தழைத்தன. தம் மார்க்கத்தில் உறுதியாக இருந்த அவர், மீனாட்சி கோவிலின் செலவுக்கும் ஆண்டுதோறும் பணம் கிடைக்கும்படி ஏற்பாடு செய்தார். பிற மதத்தினர் அவரிடம் நீதியைக் கண்டார்கள். கான்பாளையம், கான்சா மேட்டுத் தெரு, கான்சாபுரம் என்று தென்னாட்டில் இன்னும் வழங்கும் பெயர்களும், கான் சாஹிபு சண்டை என்ற நாட்டுப்புறக் கதைப்பாடலும் மக்கள் அவரை மறக்கவில்லை என்பதற்குச் சாட்சிகள்.

ஆனாலும் நாம் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது. அந்த ஒழுங்கு எளிதில் வந்ததல்ல. எதிர்த்த கள்ளர்களையும் பாளையக்காரர்களின் ஆட்களையும் அவர் கொஞ்சமும் இரக்கமின்றித் தண்டித்தார். தூக்குமரமும் பீரங்கி வாயும் அவர் ஆட்சியில் ஓய்ந்திருக்கவில்லை. அப்படி மாண்டவர்களில் எத்தனை பேருடைய வாய்மொழி கேட்கப்பட்டது என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். அந்நியருடைய கும்பெனிக்காகச் சொந்த மண்ணின் மக்களை அடக்கினார் என்ற குறையும் அவர்மீது உண்டு. அவரை இறைநேசர் என்று உயர்த்தவும் வேண்டாம். துரோகி என்று தள்ளவும் வேண்டாம். நன்மையும் தீமையும் கலந்த அமல்களோடு தன் றப்பைச் சந்தித்த ஒரு முஸ்லிமாக அவரை நாம் பார்க்க வேண்டும்.

அவருடைய வளர்ச்சி நவாபு முஹம்மது அலியின் மனத்தில் அச்சத்தை உண்டாக்கியது. மதுரைச் சீமை நவாபுக்கு உரியது; யூசுப் கானோ நவாபை விட்டுவிட்டுக் கும்பெனியோடு நேராகக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தார். குத்தகையை மேலும் 4 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 7 இலட்சம் ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக 1761-இல் அவர் கேட்டார். அது மறுக்கப்பட்டது. அவர் நவாபின் ஊழியரே, பணத்தை நவாபிடமே கட்ட வேண்டும் என்று கும்பெனியார் முடிவு சொன்னார்கள். இரு தரப்பிலும் கோள் சொல்வோர் பெருகினார்கள். திருவிதாங்கூருடன் அவர் நடத்திய போரும் பகையை வளர்த்தது. நேரில் வரும்படி அழைக்கப்பட்டபோது, வந்தால் உயிர் மிஞ்சாது என்று அவர் அஞ்சினார். 1762-இன் இறுதியில் பகைமை வெளிப்படையாயிற்று. ஆங்கிலக் கொடியை இறக்கிவிட்டு மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஆனால் புதுச்சேரி 1761 ஜனவரியிலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1763 பிப்ரவரியில் ஐரோப்பாவில் இரு வல்லரசுகளும் சமாதானமும் செய்துகொண்டன. மார்ஷாந்த் என்ற அதிகாரியின் கீழிருந்த ஒரு சிறு பிரெஞ்சுப் படையைத் தவிர, அந்தக் கொடி அவருக்கு வேறு எந்த உதவியையும் கொண்டு வரவில்லை.

1763-இல் கும்பெனிப் படையும் நவாபின் படையும் மதுரையை முற்றுகையிட்டன. மழைக்காலம் வந்ததும் அவை பின்வாங்க நேர்ந்தது. 1764-இல் மேஜர் காம்ப்பெல்லின் தலைமையில் அவை மறுபடியும் வந்தன. ஜூன் 26-ஆம் தேதி கோட்டை மீது நடந்த பெருந்தாக்குதலை யூசுப் கான் முறியடித்தார். மேஜர் பிரெஸ்டன் அதில் பட்ட காயத்தால் மாண்டார். வாளால் முடியாததைப் பசியால் முடிப்பதென்று தீர்மானித்து, கோட்டைக்குள் ஒரு தானிய மணியும் போகாமல் வழிகளை அடைத்துவிட்டார்கள். உள்ளே உணவு தீர்ந்தது. தண்ணீருக்கும் தவிப்பு வந்தது. குதிரைகளை அறுத்துத் தின்னும் நிலை வந்தது. சிப்பாய்கள் மனம் உடைந்தார்கள். அவருடைய மனைவி, போர்த்துகீசிய வழிவந்த மாஸா என்னும் பெண்மணி, சின்னஞ்சிறு மகனோடு கோட்டைக்குள்ளேயே இருந்தார்.

வெளியிலிருந்தவர்களால் பிடிக்க முடியாத கோட்டையை உள்ளிருந்தவர்கள் விற்றார்கள். திவான் சீனிவாசராவ், வைத்தியர் பாபா சாஹிபு, பிரெஞ்சுக்காரர் மார்ஷாந்த் ஆகியோர் கூடிச் சதி செய்தார்கள். யூசுப் கானின் உப்பைத் தின்றவர்கள் அவர்கள். 1764 அக்டோபர் 13-ஆம் தேதி, அவர் தனியே தொழுகையில் இருந்த சமயம் பார்த்து அவர்மீது பாய்ந்தார்கள். அவருடைய தலைப்பாகையைக் கொண்டே அவரைக் கட்டினார்கள் என்றும் சொல்வார்கள். போர்க்களங்களில் பிடிபடாதவர் முஸல்லாவின் மீது பிடிபட்டார்.

இங்கே சற்று நிற்போம். எதிரி சூழ்ந்திருக்கும் நேரத்திலும் தொழுகை மன்னிக்கப்படவில்லை. ஆனால் அந்நேரத்தில் எப்படித் தொழ வேண்டும் என்பதைக் குர்ஆன் ஷரீபில் சூரத்துன்னிஸாவில் அல்லாஹுத்தஆலா கற்றுத் தந்திருக்கிறான். ஒரு கூட்டம் தொழும்போது மறு கூட்டம் ஆயுதத்தோடு காவல் நிற்க வேண்டும். பிறகு இவர்கள் காக்க, அவர்கள் தொழ வேண்டும். தொழுகையையும் விடக் கூடாது, எச்சரிக்கையையும் விடக் கூடாது. யூசுப் கானுக்குக் காவல் நிற்க வேண்டியவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் சுபுஹு தொழுகையில் குத்தப்பட்டதை அறிந்திருக்கிற நாம், தொழுகையில் நிற்பவனைத் தாக்குபவனின் பாவம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிடிபட்டவர் ஆங்கில முகாமில் ஒப்படைக்கப்பட்டார். அங்கிருந்து நவாபின் கைக்குப் போனார். அக்டோபர் 15-ஆம் தேதி, ஹிஜ்ரி 1178-இல், மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில், நவாபின் முகாமுக்கு அருகே அவர் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்டதற்கும் தூக்கிலேறியதற்கும் இடையே இருந்தது இரண்டே நாட்கள். நீதிமன்றம் கூடவில்லை. குற்றப்பத்திரிகை படிக்கப்படவில்லை. காஜி யாரும் அமர்ந்து இரு தரப்பையும் கேட்கவில்லை. 10 ஆண்டுகளுக்கு முன் ஒரு பொய்க் கடிதத்திற்காக விசாரணை நடத்திய கும்பெனியார், தங்களுக்காக இத்தனை போர்களில் வென்று தந்தவரை நவாபிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

தூக்குக் கயிறு இரண்டு முறை அறுந்தது என்றும், தொடையில் தைத்து வைத்திருந்த தாயத்தை எடுத்த பிறகே உயிர் பிரிந்தது என்றும் ஒரு கதை நம் வீடுகளில் பாட்டிமார் வாயில் இன்றும் நடமாடுகிறது. ஒரு வீரனை மக்கள் நேசிக்கும்போது இப்படிப்பட்ட கதைகள் தாமாகவே முளைக்கும். ஆனால் அஜல் வந்துவிட்டால் அதை ஒரு நாழிகை தள்ளி வைக்கவும் எந்தப் பொருளாலும் ஆகாது என்பது நம் ஈமான். கதையைச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டியது தாய்மார்களின் கடமை.

அடுத்தது, உடலைக் கூறுபோட்டது. அவர் மாண்டுவிட்டார் என்று நாடு நம்ப வேண்டுமாம்! உஹதுப் போரில் ஹள்ரத் ஹம்ஸா (ரலி) அவர்களுடைய ஜனாஸா சிதைக்கப்பட்டதைக் கண்டு நாயகம் (ஸல்) அவர்களுடைய இதயம் எவ்வளவு துடித்தது என்பதை நாம் படித்திருக்கிறோம். அப்படியிருந்தும், எதிரியின் உடலைக்கூடச் சிதைக்கக் கூடாதென்று அவர்கள் தடுத்துவிட்டார்கள். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்குச் சமம் என்பதும் அவர்களுடைய போதனையே. ஒரு முஸ்லிமின் உடலில் ஒரு பாகம் மட்டும் கிடைத்தாலும், அதைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது அடக்க வேண்டும் என்பது ஷாபியீ மத்ஹபின் சட்டம். உடலின் பெரும்பாகமோ, தலையோடு கூடிய பாதியோ கிடைத்தால் தொழுகை உண்டு; குறைவானால் துணியில் சுற்றி மரியாதையுடன் அடக்க வேண்டும் என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். எந்த மத்ஹபிலும் ஒரு முஸ்லிமின் அங்கத்தைக் காட்சிப் பொருளாக்க இடமில்லை. அதைச் செய்யச் சொன்னவரும் கலிமா சொன்ன ஒரு நவாபுதான் என்பதே வேதனை.

காலம் அதோடு நிற்கவில்லை. நவாபு முஹம்மது அலி வாலாஜா 1795-இல் காலமானார். திருச்சியில் நத்ஹர் வலி தர்காவில் அடங்கியிருக்கிறார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் அரண்மனையில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, வாலாஜாவும் அவருடைய மகனும் திப்புவோடு இரகசியமாகக் கூடினார்கள் என்று கும்பெனியார் குற்றம் சாட்டினார்கள். தந்தை கபுறுக்குப் போய் ஆண்டுகள் கழிந்துவிட்டன. மகனும் 1801 ஜூலையில் காலமானார். அதே மாத முடிவில் கர்நாடகம் முழுவதையும் கும்பெனியார் எடுத்துக்கொண்டார்கள். யூசுப் கானுக்கு மறுக்கப்பட்ட விசாரணை, அதை மறுத்தவரின் குடும்பத்திற்கும் கிடைக்கவில்லை. யூசுப் கானின் கையில் மாண்ட பெயர் தெரியாத ஏழைகளுக்கும் அது கிடைத்திருக்கவில்லை. அநீதி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறி, இறுதியில் முழு நாட்டையும் அந்நியனிடத்தில் கொண்டு போய் விட்டது.

ஹள்ரத் அலி (ரலி) அவர்களை எமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, ஒருவர் சொல்வதைக் கேட்டவுடன் தீர்ப்புச் சொல்லிவிடாமல், மற்றவர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். இது அரசர்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல. நம் ஊர் ஜமாஅத்தில் கணவன் மனைவி வழக்கு வருகிறது. மாமியார் சொன்னதை மட்டும் கேட்டு மருமகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். கடையில் கணக்குக் குறைந்தால் கையில் சிக்கிய வேலைக்காரப் பையன் மீது பழியைப் போடுகிறோம். ஏலத்தோட்டத்தில் காய் களவு போனால், கூலிக்கு வந்த ஏழையை விசாரிக்காமலே துரத்திவிடுகிறோம். நம் கையில் தூக்குக் கயிறு இல்லை, அவ்வளவுதான். ஒரு மனிதனுடைய மானம் அவனுடைய உயிரைப் போலவே புனிதமானது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அடுத்த முறை மலையிலிருந்து இறங்கி மதுரைக்குப் போகும் வாசகர்கள், நேரமிருந்தால் சம்மட்டிபுரத்தில் இறங்கி அந்தப் பள்ளியில் இரண்டு ரக்அத் தொழட்டும். ஜியாரத்தின் அதபைப் பேணிக் கபுறில் ஸலாம் சொல்லட்டும். அவரிடம் எதையும் கேட்க வேண்டாம். அவருக்காக அல்லாஹ்விடம் கேட்கட்டும். திருச்சிக்குப் போகிறவர்கள் நவாபுக்காகவும் கேட்கட்டும். இருவரும் இப்போது நிற்பது, இரு தரப்பையும் குறைவின்றிக் கேட்கிற ஒரே நீதிபதியின் சந்நிதானத்தில்.

யா அல்லாஹ்! மர்ஹூம் யூசுப் கானுடைய பிழைகளை மன்னித்து, தொழுகையில் பிடிபட்ட அந்த அடியாருடைய முடிவை நல்ல முடிவாக ஏற்றுக்கொள்வாயாக! கேட்காமல் தீர்ப்பளிக்கும் பாவத்திலிருந்து எங்களையும் எங்கள் குடும்பங்களையும் காப்பாயாக! ஆமீன்.